சிவப்பு நட்டு

எங்கள் சங்கத் தலைவரை எல்லோரும் கர்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் எந்தப் பட்டாளத்திலும் இருந்ததில்லை. குளியலறைக்குத் தரைக்கல் விற்கிறவர். பழைய ராணுவ வண்டிகளை வாங்கிச் சீர்செய்து காட்சிக்கு வைக்கிற எங்கள் சங்கத்தில் முதல் வண்டி அவருடையது என்பதால் ஒட்டிக்கொண்ட பட்டம் அது. பட்டம் வந்ததும் மீசை வந்தது, மீசை வந்ததும் அதட்டல் வந்தது.

எனக்கு அவரைப் பிடிக்காது. ஆனால் வண்டி தெரிந்த மனுஷர். அதை இல்லை என்று சொன்னால் என் வாய் அழுகிவிடும்.

என்னுடையது ஒரு காலத்தில் பீரங்கி இழுத்த லாரி. நானும் என் நாத்தனாரும் பங்கு போட்டுப் பழைய இரும்புக் கடையில் வாங்கினோம். நான் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறேன். அவள் பல் மருத்துவமனையில் நர்ஸ். பல்லில் கறை எடுக்கிற கொக்கியை வைத்துத்தான் டயல்களின் இடுக்கிலிருந்த துருவையெல்லாம் எடுத்தாள். நாத்தனாரும் அண்ணியும் ஒரே கொட்டகையில் அடித்துக்கொள்ளாமல் வேலை செய்கிறோம் என்றால் யாரும் நம்புவதில்லை. "இந்த லாரி வந்த பிறகுதான் எனக்கு நிம்மதி. ரெண்டு பேரும் அதைத் திட்டுறதுல என்னை மறந்துட்டாங்க" என்று என் கணவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

ஐந்து வருஷ வேலை. இந்த வருஷம்தான் முதல்முறையாக எங்கள் லாரி கண்காட்சி ஊர்வலத்தில் ஓடப்போகிறது. நாத்தனார் பக்கத்துத் தெருவரைக்கும் சொல்லிவிட்டாள்.

இந்த வண்டிகளின் சக்கரத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். சக்கரத்தின் இரும்பு ஒரே துண்டு இல்லை. டயருக்குள் இரண்டு தட்டுகளை எதிரெதிரே வைத்து, சுற்றிலும் நட்டு போட்டு முறுக்கியிருப்பார்கள். அதற்கு உள்ளே, நடுவில், சக்கரத்தை அச்சோடு பிடித்திருக்கும் நட்டுகள் இன்னொரு வட்டம். சக்கரத்தைக் கழற்ற உள்வட்டத்தைத்தான் கழற்ற வேண்டும். டயரில் காற்று இருக்கும்போது வெளிவட்டத்தில் கை வைத்தால் தட்டு பிய்த்துக்கொண்டு பறக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவனுக்குத் தலை இருக்காது. அதனால்தான் வெளிவட்ட நட்டுகளுக்குச் சிவப்பு அடிப்பது. எங்கள் லாரியின் பழைய பச்சையைச் சுரண்டியபோது அடியில் அந்தச் சிவப்பு இருந்தது. பட்டாளத்தில் எவனோ ஒருவன், தனக்குப் பிறகு ஸ்பானரோடு வரப்போகிறவனுக்காக அடித்துவைத்தது. நாங்களும் அதே இடத்தில் அதே சிவப்பை அடித்தோம்.

கண்காட்சிக்கு முந்தின நாள் மதியம் கர்னல் எங்கள் கொட்டகைக்குச் சோதனை பார்க்க வந்தார். கூடவே இந்த வருஷத்துப் புரவலர், ஒரு பெயின்ட் கடைக்காரர். எல்லா வண்டிக்கும் பச்சைப் பெயின்ட் இலவசமாகக் கொடுத்தவர் அவர். வரிசையாக நிற்கும் வண்டிகளைப் படம் எடுத்துக் கடை வாசலில் மாட்டப்போகிறாராம்.

கர்னல் வண்டியை ஒரு சுற்று சுற்றினார். குறை கண்டுபிடிக்க முடியாத கடுப்பு முகத்தில் தெரிந்தது. கடைசியில் சக்கரத்தருகே நின்றார்.

"இது என்ன மேடம், சொறி புடிச்ச மாதிரி? பச்சை அடிச்சிடுங்க. எல்லா வண்டியும் ஒரே நிறம்னு முடிவு பண்ணியாச்சு."

"சிவப்பு எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதா சார்?"

"நமக்கெல்லாம் தெரியுமே! தெரிஞ்சவங்கதானே தொடுறோம்? தெரிஞ்சவனுக்கு எதுக்குக் கலரு?"

"தெரிஞ்சவன் ஒருநாள் தூக்கக் கலக்கத்துல இருப்பான். இல்லன்னா அவசரத்துல இருப்பான்."

"விவாதம் வேண்டாம். சிவப்போட வந்தா ஊர்வலத்துல இடமில்ல."

"அப்ப இடமில்லாமலே வர்றேன்" என்றேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டே போனார்.

அவர் தலை மறைந்ததும் நாத்தனார் மெதுவாக ஆரம்பித்தாள். "அண்ணி, ஒருநாள் கூத்துக்குத்தானே? பச்சை அடிச்சிட்டு, ஊர்வலம் முடிஞ்சதும் மறுபடி சிவப்பு அடிச்சிக்கலாமே?"

"எந்தப் பல்லைப் புடுங்கணும்னு உங்க டாக்டருக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு ஊசி போடுறதுக்கு முன்னாடி இதுதானே, இதுதானேன்னு மறுபடி கேக்குறீங்க?"

"ஒரு தடவை நல்ல பல்லைப் புடுங்கிட்டோம்" என்றாள். சிரித்துச் சிரித்து இருவருக்கும் வயிறு வலித்துவிட்டது. பச்சை டப்பாவின் மூடியைத் திறக்கவே இல்லை.

மறுநாள் காலை சிவப்போடு போனோம். மைதான வாசலில் நின்ற தொண்டர் எங்கள் வண்டியைப் பார்த்ததும் தலையைச் சொறிந்துகொண்டே கழிப்பறைப் பக்கம் கையைக் காட்டினார். "அங்க நிறுத்துங்கம்மா, மேலிடத்து உத்தரவு." ஐந்து வருஷ உழைப்பைக் கழிப்பறைச் சுவரோரம் நிறுத்திவிட்டு இறங்கியபோது எனக்கு அழுகை வந்தது. எனக்கு அழுகை வந்தால் கூடவே கோபமும் வரும். எப்போதும் கோபம்தான் முந்தும். கர்னலை நாலு கேள்வி கேட்காமல் வீட்டுக்குப் போவதில்லை என்று நடந்தேன். நாத்தனார் பின்னாலேயே ஓடிவந்தாள்.

கர்னலின் லாரியும் எங்களுடையதைப் போலவேதான். அணிவகுப்பின் முதலில் நின்றது. புதுப் பச்சையில் சக்கரம், நட்டு, அச்சு என்று எதையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் வண்டி நகர மறுத்திருந்தது. முன்சக்கரத்தின் பிரேக் இறுகிப் பிடித்துக்கொண்டதாம். சக்கரத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும். ஊர்வலம் தொடங்க நேரமாகிவிட்டது. சுற்றிலும் கூட்டம். பெயின்ட் கடைக்காரர் கர்னலின் காதருகே குனிந்து, "சிறப்பு விருந்தினர் கார் வந்துடுச்சுங்க, சீக்கிரம்" என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். கர்னல் சட்டைக் கையை மடித்துவிட்டுச் சக்கரத்துக்கு நேரெதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நீளக் கம்பி மாட்டிய ஸ்பானரை முழு பலத்தோடு தள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்துப் புல்லில் இரண்டு நட்டு கிடந்தது.

நான் வாயைத் திறந்தது சண்டைக்குத்தான். அப்போதுதான் ஸ்பானர் இருந்த இடத்தைப் பார்த்தேன்.

"கையை எடுங்க!"

புதிதாக ஓட்டப் பழகுகிறவர்கள் லாரிக்கு முன்னால் திரும்பும்போது நான் போடுகிற சத்தம் அது. கூட்டமே திடுக்கிட்டது.

"மேடம், உங்க பஞ்சாயத்தெல்லாம் அப்புறம்..."

"சார், எந்த வட்டத்துல கை வச்சிருக்கீங்க?"

அவர் சக்கரத்தைப் பார்த்தார். புல்லில் கிடந்த நட்டுகளைப் பார்த்தார். முப்பது வருஷமாக இந்தச் சக்கரங்களைக் கழற்றி மாட்டுகிறவர். முகத்தில் ரத்தமே இல்லை. ஸ்பானரை விடக்கூட அவர் கைக்குத் தெரியவில்லை. நாத்தனார்தான் பக்கவாட்டிலிருந்து போய், பயந்த நோயாளியைப் பிடிக்கிற மாதிரி தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். எல்லோரையும் விலகச் சொல்லிவிட்டு, நான் ஓரமாக உட்கார்ந்து கையை மட்டும் நீட்டி டயரின் வால்வைக் கழற்றினேன். பயமாகத்தான் இருந்தது. காற்று சீறிக்கொண்டு வெளியேறி முடிகிற வரைக்கும் யாரையும் கிட்டே விடவில்லை.

கர்னல் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை வண்டியோரமாகத் தனியே கூப்பிட்டார். "இதை வெளியில பெருசு பண்ண வேண்டாம்."

"சரி. எல்லா வண்டிக்கும் சிவப்பு அடிக்கச் சொல்லுங்க."

"இன்னைக்கு முடியாது. புரவலர் நிக்கிறாரு. அடுத்த வருஷம் பாக்கலாம்."

உயிர் போய்த் திரும்பி வந்த ஆள் பேசுகிற பேச்சா இது! "அடுத்த வருஷம் பாக்க நீங்க இருக்கணும்ல சார்?" என்று கத்திவிட்டேன். "நான் இன்னைக்கே சிவப்போட ஓட்டுவேன். தடுக்கணும்னா வண்டிக்கு முன்னாடி வந்து படுங்க."

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

கர்னலின் மனைவி. வருஷாவருஷம் முதல் வரிசை நாற்காலியில் வந்து உட்கார்ந்து, கைதட்டிவிட்டுப் போகிறவர். அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. விருந்தினருக்காக உடுத்தி வந்த புத்தம்புது உடுப்போடு அப்படியே புல்லில் மண்டியிட்டார். கைப்பையைத் திறந்து நகப்பூச்சு பாட்டிலை எடுத்தார். நல்ல ரத்தச் சிவப்பு. சக்கரத்தின் வெளிவட்டத்தில் முதல் நட்டில் பூச ஆரம்பித்தார்.

"என்ன பண்றே? ஃபோட்டோ எடுக்கணும்" என்றார் கர்னல்.

அவர் மனைவி நிமிரவில்லை. "ஃபோட்டோவுக்கு என்ன? நீங்க செத்திருந்தா பச்சை மாலை போட்டு மாட்டியிருப்பேன். ஒரே நிறமா அழகா இருந்திருக்கும்."

பெயின்ட் கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நம்ம கடையில சிவப்பும் இருக்குதுங்க" என்றார். கர்னல் மைக் மேடையைப் பார்த்து நடந்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மன்னிப்பையெல்லாம் நான் எதிர்பார்க்கவும் இல்லை.

நான் கழிப்பறைச் சுவரோரம் போய் லாரியைக் கிளப்பினேன். வாசல் தொண்டர் இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே வந்தார். ஹாரனை அழுத்தினேன்; விலகினார். கர்னலின் வண்டியருகே வந்ததும் அவர் மனைவி கை காட்டி நிறுத்தினார். "எங்க வண்டி இன்னைக்கு ஓடாது. எனக்கு இடம் இருக்குமா?" நாத்தனார் நகர்ந்து இடம் கொடுத்தாள். மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். வண்டிக்குள் டீசல் வாசனையும் நகப்பூச்சு வாசனையும் சேர்ந்து அடித்தது.

ஊர்வலத்தின் கடைசி வண்டி எங்களுடையது. மேடையில் கர்னல் ஒவ்வொரு வண்டி வரும்போதும் அதன் பிறப்பு வளர்ப்பையெல்லாம் மைக்கில் முழங்கிக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்ததும் சத்தமே இல்லை.

"என்ன அண்ணி, மைக் கெட்டுப்போச்சா?" என்றாள் நாத்தனார்.

"மைக்குக்கு ஒண்ணுமில்ல" என்றார் கர்னலின் மனைவி.

நான் வேகத்தைக் கூட்டவில்லை. அவர் பேசாவிட்டால் போகட்டும், கண் இருக்கிறவர்கள் பார்க்கட்டும் என்று ஆமை வேகத்தில் மேடையைக் கடந்தேன். பாதி வண்டி தாண்டியபோது ஒலிபெருக்கி கரகரத்தது.

"எல்லாரும் இந்த வண்டியோட சக்கரத்தைப் பாருங்க." அது கர்னலின் அதட்டல் குரல் இல்லை; கடையில் தரைக்கல் விற்கிறவரின் குரல். "வெளியில சிவப்பா நட்டு இருக்கு பாருங்க. டயர்ல காத்து இருக்கும்போது அதைத் தொட்டா ஆளு காலி. எனக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சிட்டிருந்தேன். இன்னைக்குக் காலையில நான் தொட்டுட்டேன்."

அவர் மனைவி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் ஹாரனில் வைத்த கையை மைதானம் முடிகிற வரைக்கும் எடுக்கவில்லை.