பனிக்கு அடியில் சியாசி

என் நாத்தனார் சியாசிக்கு யார் பேச்சும் காதில் ஏறாது, என் பேச்சு சுத்தமாக ஏறாது. பனிக்கட்டிக்கு அடியில் இறங்குவதற்கு முன்பே படித்துப் படித்துச் சொன்னேன்.

"நேத்துதான் பௌர்ணமி. இன்னைக்குக் கடல் ரொம்ப தூரம் வத்தும். அதே வேகத்துல திரும்பியும் வரும். பக்கத்துலயே பொறுக்கிட்டு ஏறிடு."

"நிலா வந்து உங்க காதுல சொல்லிட்டுப் போச்சா, மாட்டா அண்ணி?"

என் கணவன் தாமுசி சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் உங்காவாக் குடாவில் குளிர்காலக் கடல் தடித்த பனிக்கட்டியைப் போர்த்திக்கொண்டு கிடக்கும். நிலா கடலை இழுக்கிறது. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் சூரியனும் அதே கோட்டில் நின்று கூடவே இழுக்கிறது. அந்த நாட்களில் தண்ணீர் வெகுதூரம் விலகிவிட, மேலே மிதந்த பனி இறங்கிப் பாறைகள் மேல் உட்கார்ந்துவிடும். அடியில் குகை மாதிரி இடைவெளியும், ஈரத் தரையும், கொத்துக் கொத்தாகச் சிப்பியும் இருக்கும். துளை வெட்டி இறங்கி, கடல் திரும்புவதற்குள் அள்ளிக்கொண்டு ஏறிவிட வேண்டும். மேலே ஒருவர் காவல் நிற்பார். அன்று நான் நின்றேன், தாமுசியும் சியாசியும் இறங்கினார்கள்.

முதலில் காற்று மாறியது. கடல் பக்கமிருந்து அடித்தது, வருகிற தண்ணீரை இன்னும் வேகமாகத் தள்ளும் காற்று. பிறகு காலடியில் பனி முனகியது. துளையில் குனிந்து தொண்டை கிழியக் கத்தினேன். தாமுசி வாளியோடு ஏறி வந்தான்.

"அவ எங்க?"

"எனக்கு முன்னாடியே ஏறலயா? அவ விளக்கு வெளிச்சத்தைக் காணோமேன்னு நான்..."

"ஏறியிருந்தா எனக்குத் தெரியாதா? நான் என்ன தூங்கிட்டா நின்னேன்?"

துளைக்குள் எட்டிப் பார்த்தோம். தரை தெரியவில்லை. கறுப்புத் தண்ணீர் சுழன்று ஏறிக்கொண்டிருந்தது. அவன் காலை உள்ளே விட்டான். அவன் சட்டைத் தொப்பியைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன்.

"விடு, மாட்டா! என் தங்கச்சி!"

"இப்ப இறங்குனா ரெண்டு பிணம்."

இரக்கமில்லாமல்தான் சொன்னேன். அவன் தொப்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

அவளுக்கு எப்போதும் பெரிய சிப்பிதான் வேண்டும். பெரியது கடல் பக்கம் தள்ளியிருக்கும் பெரும்பாறையில்தான் ஒட்டியிருக்கும். பனி அந்தப் பாறை மேல் படிந்து வெளியே திமில் மாதிரி புடைத்து நிற்கும். வருகிற தண்ணீர் பள்ளத்தைத்தான் முதலில் நிரப்பும், பாறைத் தலையைக் கடைசியில்தான் தொடும். துளி புத்தி இருந்தால் அங்கே ஏறி நின்றிருப்பாள். அந்தத் துளி அவளிடம் உண்டா என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

கடப்பாரைகளோடு ஓடினோம். கடலோடு தினமும் ஏறி இறங்கி, திமிலைச் சுற்றிப் பனி விரிசல் விட்டிருந்தது. அதிலேயே குத்தினோம்.

"சியாசி! உயிரோட இருந்தா தட்டுடி!"

சத்தமே இல்லை. தாமுசி அழுதுகொண்டே குத்தினான். அப்புறம் அடியில் டங் என்று ஒரு சத்தம். வாளி. மறுபடியும் டங்.

முகம் அளவுக்குத் துளை விழுந்தது. உள்ளே அவள் கண்கள்.

"அண்ணி, தண்ணி மார்புக்கு வந்துருச்சு..."

"வாய மூடு. தலையைத் திருப்பு, கடப்பாரை பட்டுடும்."

இன்னும் நாலு குத்து. தாமுசி ஒரு கையும் நான் ஒரு கையுமாக வெளியே இழுத்துப் போட்டோம். ஈர உடைகளை உரித்து, என் ரோம அங்கியைச் சுற்றி, நாங்கள் வந்த சறுக்கு வண்டியில் அவளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன.

"நீங்க மொதல்ல கூப்பிட்டது... எனக்குக் கேட்டுச்சு அண்ணி."

"கேட்டுமா வரல?"

"நீங்கதானே கூப்பிடுறீங்கன்னு..."

ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. வைக்கவில்லை. அவள் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள், நானும் அவளை விடவில்லை. தாமுசி ஓட்டிய வண்டி, நாங்கள் இறங்க வெட்டிய துளையைத் தாண்டிப் போனது. அதன் வாய் வரை கடல் ஏறி வந்திருந்தது.