உப்புப் பார்க்க ஓர் ஆள்

என் வீட்டுக்காரருக்கு இந்த வருஷம் நோன்பு கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அறையை விட்டு வெளியே வந்தபோது இவர் முகம் இருந்த கோலத்தைப் பார்த்து, வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு சீனப் பெண்மணி யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து எனக்கு டிஷ்யூ நீட்டினாள். நானும் வாங்கிக்கொண்டேன். என்ன விளக்கம் சொல்வது?

டாக்டர் ரூபினி சின்னப் பெண்தான். ஆனால் பேச்சில் வழவழா கொழகொழா கிடையாது. "போன வருஷம் புவாசா நோன்புல சுகர் இறங்கி கடையிலேயே விழுந்தீங்க அங்கிள். இப்ப இன்சுலின் வேற போடுறீங்க. இந்த வருஷம் நேரத்துக்குச் சாப்பிடணும். அவ்ளோதான் லா" என்று முடித்துவிட்டார். பள்ளிவாசல் இமாமும் அதையே சொன்னார். நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை கொடுத்திருக்கிறான், விட்ட நோன்புக்கெல்லாம் ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுத்துவிடுங்கள், உடம்பைக் கெடுத்துக்கொண்டால் அதற்குத்தான் நாளைக்குக் கேள்வி வரும் என்றார். இரண்டு பேருக்கும் இவர் நன்றாகத் தலையாட்டினார். என்னிடம் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார்.

"வெளியில ஒரு ஆளுக்குத் தெரியக் கூடாது, காமாரியா. தெரிஞ்சா நான் பள்ளிவாசல் பக்கம் தலைகாட்ட முடியாது."

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. நைனா முகமது என்றால் பினாங்கு சூலியா தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் என்று பாதிப் பேருக்குத் தெரியும். பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறவர் என்று எல்லாருக்கும் தெரியும். ஏழு வயதிலிருந்து ஒரு நோன்புகூட விட்டதில்லை என்பது அதைவிட நன்றாகத் தெரியும், ஏனென்றால் அதை அவரே வருஷா வருஷம் சொல்லிக்கொண்டிருப்பார். அத்தோடு விட்டால் பரவாயில்லை. நோன்பு வைக்காதவன் யாராவது கண்ணில் பட்டால் இவர் வாய் சும்மா இருக்காது.

போன வருஷம் மாட்டியது இக்மல். பாயான் பாருவில் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை பார்க்கிற பையன். கல்யாணமாகிக் குழந்தையும் இருக்கிறது, ஆனால் என் வயசுக்கு அவன் பையன்தான். வயிற்றில் புண் என்று டாக்டர் அவனை நோன்பு வைக்க விடவில்லை. நன்மையாவது கிடைக்கட்டுமே என்று காலை ஷிஃப்ட் முடித்து நேராகக் கஞ்சி கிண்ட வந்து நின்றான். இவர் அத்தனை பேர் முன்னால், "வாய்யா வயித்துக்காரா, கஞ்சி கிண்ட வந்தியா, குடிக்க வந்தியா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். இக்மலும் சிரித்தான். அடுத்த நாளிலிருந்து அவன் வரவே இல்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. போய் மன்னிப்புக் கேளுங்கள் என்றேன். "தமாஷுக்குச் சொன்னதுக்கெல்லாம் மன்னிப்பா?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அந்தச் சிரிப்பு இந்த வருஷம் தன் பக்கம் திரும்பிவிடும் என்றுதான் இவருக்கு இப்போது நடுக்கம்.

அதனால் எங்கள் வீட்டில் நாடகம் ஆரம்பமானது. விடியுமுன் ஸஹர் சாப்பாட்டு நேரத்தில் எழுந்து எல்லா விளக்கையும் போடுவார். பக்கத்து வீட்டுக்குக் கேட்கட்டும் என்று தட்டை டங்கு டங்கென்று வைப்பார். மத்தியானம் நான் கண்ணாடி ஃப்ரேம் வரும் அட்டைப் பெட்டியில் சோறும் மீன் பொரியலும் வைத்துக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். பின்னால், லென்ஸ் தேய்க்கும் அறையில் ஒளிந்துகொண்டு சாப்பிடுவார். அதுவரை பக்கத்துக் கடிகாரக் கடை லாரன்ஸ் எங்கள் வாசலில் ஸ்டூல் போட்டுக் காவல் இருப்பார். டாக்டரையும் இமாமையும் விட்டால் அவருக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். அவர் கிறிஸ்தவர், அவருக்கும் அப்போது தவக்காலம்.

"அக்கா, நானே கறி, மீனை விட்டுட்டு உக்காந்திருக்கேன். உங்க மீன் வாசனை என்னையும் சேர்த்துப் பாவத்துல தள்ளுது லா" என்று என்னிடம் முறையிடுவார். சிரித்துக்கொண்டேதான்.

ஒரு நாள் லாரன்ஸ் போன் பேசப் போன நேரம் பார்த்து ஒரு ஹாஜியார் கண் சோதிக்க வந்துவிட்டார். இவர் வாய் நிறையச் சோற்றோடு வெளியே வந்தார். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், போர்டில் எழுத்தைக் காட்டுவதும் லென்ஸை மாற்றுவதும் தலையாட்டுவதுமாக முழுச் சோதனையையும் முடித்து அனுப்பினார். அந்த ஹாஜியார் நேராகப் பள்ளிவாசலுக்குப் போய், "நைனா நோன்போட பேச்சையும் அடக்கிட்டாரு, மாஷா அல்லாஹ்!" என்று சொல்லிவிட்டார். அன்று சாயந்தரம் இவருக்கு மரியாதை இன்னும் கூடிவிட்டது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை.

"எல்லாரும் பசியோட உக்காந்து பாங்குக்குக் காத்திருக்காங்க. நான் வயிறு நிறையத் தின்னுட்டு அவங்களோட சேந்து பசிச்ச மாதிரி உக்காந்திருக்கேன். நடிக்கிறேன் புள்ள" என்றார்.

"அப்போ சொல்லிடுங்க."

"உனக்கென்ன, சொல்லிடுவே" என்று திரும்பிக்கொண்டார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. யாரோ புண்ணியவான் ஆடு கொடுத்திருந்தார். கறிக் கஞ்சி என்றால் பினாங்கே திரண்டு வரும். இருப்பதிலேயே பெரிய தேக்சாவை அடுப்பில் ஏற்றினார்கள். பள்ளிவாசல் முற்றத்தில் நாங்கள் பெண்கள் ஒரு பக்கம் வெங்காயமும் இஞ்சியும் நறுக்கிக்கொண்டிருந்தோம். ஆள் போதவில்லை என்று இமாம் இக்மலையும் கூப்பிட்டிருந்தார். அவன் வந்து சலாம் சொன்னான். இவர் பதில் சலாம் சொல்லிவிட்டு, தேக்சாவுக்குள் ஏதோ விழுந்துவிட்டது போலக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார்.

கஞ்சி கொதித்து வந்த நேரம் இவர் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. துடுப்புப் பிடித்த கை நடுங்கியது. சுகர் இறங்குகிறது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கண்ணைக் காட்டினேன். துடுப்பை இக்மல் கையில் கொடுத்துவிட்டு ஸ்டோர் அறைக்குள் போனார். சட்டைப் பையில் பிஸ்கட் வைத்திருந்தார்.

தெளிந்து திரும்பி வந்ததும், "உப்பு?" என்றார்.

"போட்டுட்டேண்ணே" என்றான் இக்மல்.

இவர் முகம் மாறியது. "நான் போகும்போதே போட்டேனே… போட்டேனா?"

சுகர் இறங்கினால் இவருக்குத் தன் பெயரே மறந்துவிடும். உப்பு எங்கே நினைவிருக்கும்? ஒரு தடவை விழுந்ததா, இரண்டு தடவை விழுந்ததா, யாருக்கும் தெரியவில்லை. வாயில் வைத்துப் பார்க்கலாம் என்றால் எல்லாரும் நோன்பாளிகள். எப்போதுமே நோன்புக் கஞ்சிக்குக் கைக்கணக்கில்தான் உப்பு. சரியா தவறா என்பது நோன்பு திறக்கும்போதுதான் தெரியும்.

"நாக்கு நுனியில வச்சுப் பாத்துட்டுத் துப்பிடலாம், தேவைக்குத் தப்பில்ல" என்றார் இமாம். ஒருவர் பார்த்தார். கஞ்சி நாக்கில் படுவதற்கு முன்பே பயத்தில் துப்பிவிட்டு, சரியாக இருக்கிறது என்றார். இன்னொருவர் உப்பே இல்லை என்றார். மூன்றாமவர் கடல் தண்ணீர் என்றார். வெங்காயம் நறுக்க வந்த நாங்கள் எல்லாரும் அறுபதை எட்டியவர்கள். மாத விலக்கு என்று சொல்லி வாயில் வைக்க எங்களிலும் ஆள் இல்லை.

லாரன்ஸைக் கூட்டி வந்தார்கள். அவர் தேக்சாவை எட்டிப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார். "கறிக் கஞ்சியா? இன்னிக்கு வெள்ளிக்கிழமை. தவக்காலம். மன்னிச்சுக்குங்க." யாரும் வற்புறுத்தவில்லை. எதிரே பழக்கடை சீன அங்கிளைக் கூப்பிட்டார்கள். அவர் ஒரு கோப்பை முழுக்க ஊதி ஊதிக் குடித்துவிட்டு, "ஹோ சியாக்!" என்று கட்டை விரலைக் காட்டினார். உப்பு கூடவா என்று கேட்டோம். "ஹோ சியாக்! சேடாப்!" நல்ல மனுஷர். வெறும் வெந்நீர் கொடுத்தாலும் அவர் ருசி என்றுதான் சொல்வார்.

வாசலில் வரிசை தெருமுனை வரை போய்விட்டது. ஃபேக்டரியில் வேலை செய்யும் வங்காளதேசத்துப் பையன்கள், பிள்ளையை இடுப்பில் வைத்த தாய்மார்கள், தூக்குச் சட்டியோடு வந்த வயசானவர்கள். அத்தனை பேரும் இதைக் கொண்டுபோய்த்தான் நோன்பு திறக்க வேண்டும்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "அட, நம்ம வயித்துக்காரன் இருக்கானே! அவன் குடிச்சுப் பாக்கட்டும்!"

சிரிப்பு எழுந்தது. போன வருஷம் கேட்ட அதே சிரிப்பு. இக்மலின் காது சிவந்துவிட்டது. இந்த வருஷமும் அவனுக்கு நோன்பு கூடாது. தலையைக் குனிந்துகொண்டு கோப்பைக்குக் கை நீட்டினான். இவர் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பையனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இக்மல் ஒரு வாய் குடித்துச் சொல்லிவிட்டால் வேலை முடிந்துவிடும். இவர் ரகசியமும் பத்திரமாக இருந்துவிடும்.

"அதைக் குடு" என்று இவர் கோப்பையை வாங்கினார். "அவன் ஒருத்தன் மட்டும் இல்ல. எனக்கும் இந்த வருஷம் நோன்பு இல்ல. டாக்டர் வைக்கக் கூடாதுன்னுட்டாங்க. இன்சுலின் போடுறேன். தினமும் மத்தியானம் கடையில ஒளிஞ்சு சாப்பிடுறேன். சிரிக்கிறவங்க என்னையும் சேத்துச் சிரிச்சுக்குங்க."

சொல்லிவிட்டு எல்லார் முன்னாலும் மடக் மடக்கென்று குடித்தார்.

பேச்சை அடக்கிவிட்டார் என்று ஊரெல்லாம் சொன்ன ஹாஜியார் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"உப்புக் கரிக்குது. ரெண்டு தடவை விழுந்திருக்கு" என்றார் இவர். பிறகு கோப்பையில் இன்னும் கொஞ்சம் மொண்டு இக்மலிடம் நீட்டினார். "நீயும் பாரு தம்பி. என் நாக்கை மட்டும் நம்ப வேணாம்."

இக்மல் குடித்தான். "ஆமாண்ணே. கூடத்தான். ஆனா…"

"என்னய்யா ஆனா?"

"போன வருஷம் நான் வந்த அன்னிக்கும் இப்படித்தாண்ணே இருந்துச்சு."

முதலில் சிரித்தவர் இமாம்தான். அப்புறம் முற்றமே அதிர்ந்தது. "எல்லா வருஷமும் அப்படித்தான்!" என்று யாரோ கத்த, "பசியில யாரு கேக்குறது!" என்று இன்னொருவர் சொல்ல, பல வருஷமாக அடக்கி வைத்திருந்த உண்மையெல்லாம் மளமளவென்று வெளியே வந்தது. நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! நோன்பு வைத்து உன் நாக்கு மரத்துப்போச்சு என்று என் வாயை அடைத்தவர்தான் இவர். இப்போது தலையில் கை வைத்துக்கொண்டு அவரும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

அப்புறம் அரிசியைத் தனியாக வேகவைத்துக் கொட்டினார்கள். தேங்காய்ப் பால் ஊற்றினார்கள். கஞ்சியைக் கொஞ்சம் மொண்டு வேறு தேக்சாவில் ஊற்றிப் பிரித்தார்கள். இவரும் இக்மலும் ஆளுக்கொரு கோப்பையோடு நின்று, இன்னும் வேண்டும், போதும், இன்னும் கொஞ்சம் தண்ணீர் என்று சண்டை போட்டுப் போட்டுக் குடித்தார்கள். இவர் எத்தனை கோப்பை குடித்தாரோ, டாக்டர் ரூபினி கேட்டால் என்னைத்தான் திட்டுவார். திட்டட்டும்.

வரிசை கலைந்ததும் இருவரும் தொழுகைக்குக் கை கால் கழுவும் ஹவுதுக் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்ததால் பேசியது கேட்டது.

"அன்னிக்கு அப்படிப் பேசினதுக்கு என்னை மன்னிச்சுரு தம்பி" என்றார் இவர்.

இக்மல் ஹவுதுத் தண்ணீரில் கையை அலசினான். "நீங்க சொன்ன மறுநாள்லேருந்து வெக்கத்துல நோன்பு வச்சேண்ணே. பெருநாளுக்கு ஆஸ்பத்திரியிலதான் படுத்திருந்தேன்."

இவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். பேச முயன்று முடியவில்லை. இந்த முறை வாயில் சோறு இல்லை.

"விடுங்கண்ணே" என்றான் அவன். "இன்னிக்கு நீங்க அந்தக் கோப்பையை வாங்கலைன்னா நான் இந்தப் பக்கம் திரும்பியே வந்திருக்க மாட்டேன். நாளைக்கு ஷிஃப்ட் முடிஞ்சு வரேன்."

பாங்கு நேரம் நெருங்கியது. எல்லாரும் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். இவருக்கும் இடம் விட்டிருந்தார்கள். "நாங்க ரெண்டு பேரும் சாப்பிட்டாச்சு, நீங்க உக்காருங்க" என்று சொல்லி இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டார். இவர் கஞ்சி ஊற்ற, இக்மல் கோப்பைகளை நீட்டிக்கொண்டு போனான். பாங்கு ஒலித்தது. "நைனா, இங்க ஒண்ணு!", "அண்ணே, இன்னொரு கரண்டி!" என்று நாலா பக்கமிருந்தும் கூப்பிட்டார்கள். இவர் ஓடி ஓடி ஊற்றினார். கல்யாணமான நாளிலிருந்து இவர் நோன்பு திறப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு சந்தோஷமாக ஒரு நாளும் பார்த்ததில்லை.

பெண்கள் பக்கம் வந்தபோது என் கோப்பை நிறைய ஊற்றிவிட்டு நகராமல் நின்றார். நான் குடித்து முடிக்கும்வரை நின்றார்.

"எப்படி இருக்கு?"

என் வாய் எப்போதும் போல ஏதாவது சுள்ளென்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில் கோப்பையை மறுபடியும் நீட்டினேன்.