அடுத்த வருச மொடல்

கஸ்பர் தன் வாழ்நாளில் ஒரு ஸ்னோ ஸ்கூட்டரைக் கண்ணால் கண்டதில்லை. ஈஸ்ட் ஹாமின் பார்க்கிங் ரோடு என்ற தெருவில் அவர் வேலை செய்த கராஜுக்கு வருவதெல்லாம் மினிகேப் கார்கள்தான். ஈஸ்ட் ஹாமில் பனி விழுந்தால் காலையில் பிள்ளைகள் துள்ளும், பின்னேரம் அது சேறாகிவிடும். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, எந்தக் கொம்பனி அடுத்த வருசம் எந்த ஸ்னோ ஸ்கூட்டரை விடப்போகிறது, எவன் எவனோடு கூட்டுச் சேரப்போகிறான் என்று ஒரு மனிசன் நாக்கு வறளக் கதைத்தால் வீட்டுக்காரிக்கு எப்படி இருக்கும்? அஞ்சலீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அவள் உலையை வைப்பதற்குள், கஸ்பர் படிக்கட்டின் கடைசிப் படியில் குந்தி போனை மடிக்கு இழுத்துக்கொள்வார். மறுமுனையில் அவளுடைய தம்பி செபமாலைமுத்து. அவன் நோர்வேயின் வடக்குத் தொங்கலில், மீன் வெட்டுகிற தொழிற்சாலையில் வேலை. மாரி என்கிற குளிர்காலத்தில் அங்கே சூரியன் எழும்பவே எழும்பாது. முன்னுக்கு இரண்டு சறுக்குக்கட்டை, பின்னுக்கு ரப்பர்ப் பட்டி, நடுவில் ஒரு சீற்றும் எஞ்சினும் வைத்த அந்த வண்டியில்தான் அயலட்டை முழுக்கத் திரியும்.

"முத்து, கேள். யப்பான்காரன் எஞ்சினில புலி. ஆனா பனி தெரியாது. பின்லாந்துக்காரனுக்குப் பனி தண்ணிபட்ட பாடு, கையில காசில்லை. ரெண்டு பகுதியும் சேராமல் எங்க போறது? பாத்துக்கொண்டிரு, வாற மாரிக்குள்ள கலியாணம் முற்றாகும்."

முத்து விடமாட்டான். "அமெரிக்காக்காரன் குறுக்க நிக்கிறான் அத்தான். அவன் போன வருசமே யப்பானுக்கு ஆள் விட்டுட்டானாம். இஞ்சத்தைக் கடைக்காரன் சொன்னவன்."

"கடைக்காரன் சொல்லுவான்! அமெரிக்காக்காரனைக் கட்டினால் வண்டிக் கூடு அவன்ர, எஞ்சின் இவன்ர, பேர் ஆற்ற? யப்பான்காரன் ரோசக்காரன். சம்மதிக்கவே மாட்டான்."

இதெல்லாம் அவருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்கிறீர்களா? மாதாமாதம் கனடாவிலிருந்து தபாலில் ஒரு புத்தகம் வரும். அதில் பாதி படம், மீதி ஊகம். மிச்சத்தைக் கஸ்பர் தன் கையால் போட்டுக்கொள்வார்.

கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது, கூடப் பூசைக்கு வருகிற பெனடிக்ற் வேண்டுமென்றே வாயைக் கிண்டுவான். "என்ன கஸ்பர் அண்ணை, யப்பான் பகுதி என்ன சொல்லுது? கோயிலில ஓலை வாசிக்கிறது எப்ப?" மூன்று ஞாயிறு ஓலை வாசித்தால்தானே கலியாணம்! சனம் சிரிக்கும். கஸ்பரும் சேர்ந்து சிரிப்பார். அஞ்சலீனா மட்டும் கோப்பையைக் கழுவுகிற சாட்டில் எழும்பிப் போய்விடுவாள்.

அவளைச் சுட்டது பகிடி அல்ல. ஒவ்வொரு ஞாயிறும் போனை வைக்கும்போது கஸ்பர் ஒரு வசனம் சொல்வார்: "இப்ப வாங்கிப்போடாதை. அடுத்த வருச மொடலைப் பாப்பம்." அப்படிச் சொல்லிச் சொல்லியே மூன்று மாரி போய்விட்டது. தம்பி அந்த இருட்டுக்குள்ளும் குளிருக்குள்ளும் வேலைக்கு நடந்து போகிறான்.

"உங்கட விசர்க் கதையைக் கேட்டு அவன் கால் விறைச்சுச் சாகப்போறான்," என்பாள். "கையில காசோட நிக்கிற பிள்ளையை ஒண்டை வாங்க விடுங்கோவன்!"

"பொறும் அஞ்சலி. அவசரப்பட்டு வாங்கினா பிறகு அந்தரப்படுறது ஆர்?"

பொறும், பொறும்! இந்த மனிசனுக்கு வேறு சொல்லே தெரியாது.

ஆனால் இந்த ஸ்கூட்டர்க் கதை தொடங்கிய நாளில் கஸ்பரின் காலில் விழவேண்டும் போல இருந்ததும் இதே அஞ்சலீனாவுக்குத்தான். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

தொண்ணூறாம் ஆண்டு, சண்டை திரும்பத் தொடங்கின கையோடு, அம்மா ஊரில், பேசாலையில், கண்ணை மூடினா. செய்தி வந்து சேர்ந்தபோது அடக்கம் எல்லாம் முடிந்துவிட்டது. அக்காவாலும் போக ஏலவில்லை, தம்பியாலும் ஏலவில்லை. ஈஸ்ட் ஹாமில் பூசை ஒப்புக்கொடுத்தார்கள், சனம் வந்தது, கட்டிப்பிடித்து அழ நாலு பேர் இருந்தார்கள். முத்துவுக்கு அங்கே யார்? கூட இருந்த தமிழ்ப் பெடியள் ஒவ்வொருவராக ஒஸ்லோவுக்கு இறங்கிவிட்டார்கள். அவன் மட்டும் ஏனோ அசையவில்லை.

அதற்குப் பிறகு அவன் போனில் ஊமையாகிவிட்டான். அம்மா என்ற சொல் வந்தால் போதும், "ஓம் அக்கா, இல்லை அக்கா, வைக்கிறன் அக்கா." அவள் அழுதழுது கேட்பாள். அவன் வைத்துவிடுவான்.

அத்தான் முறைக்காரர் போனில் நீட்டி முழக்குகிற வழக்கம் நம் சனத்திடம் ஏது? சுகமோ, வேலை எப்படி, சரி அக்காவிடம் கொடுக்கிறன் என்று மூன்று வசனத்தோடு கடமை முடிந்துவிடும். ஒரு ஞாயிறு கஸ்பர் அந்த மூன்றையும் சொல்லிவிட்டுப் பார்த்தால், அஞ்சலீனா குசினிக்குள் அழுதுகொண்டு வரமாட்டேன் என்று நிற்கிறாள். றிசீவர் கையில். என்ன செய்வது? "வேலைக்கு எப்பிடிப் போறனி?" என்று கேட்டார்.

"நடந்துதான்."

"ஏன், உங்கை ஓடுற சாமான் ஒண்டும் இல்லையோ?"

இருக்கு அத்தான் என்று முத்து தொடங்கினான். ஸ்கூட்டர் எப்படி ஓடும், எது நல்லது, எது குளிரில் நின்றுவிடும் என்று அரை மணித்தியாலம் கதைத்தான். ஊரில் வள்ளங்களின் எஞ்சின் திருத்தின கஸ்பருக்கும் அது பிடிபட்டது. குசினி வாசலுக்கு வந்து, றிசீவருக்குள்ளால் கசிந்த தம்பியின் குரலைக் கேட்ட அஞ்சலீனா மாதாவுக்கு நன்றி சொன்னாள். அடுத்த கிழமையே கஸ்பர் கனடாப் புத்தகத்துக்கு எழுதிப்போட்டார்.

நன்றி ஒரு மாரி நின்றது, இரண்டு மாரி நின்றது. மூன்றாம் மாரியில் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

ஆஸ்பத்திரி லோன்ட்ரியில் ஷிப்ட் இல்லாத ஒரு புதன்கிழமை, கஸ்பர் கராஜுக்குப் போனதும் முத்துவுக்குப் போன் எடுத்தாள். "தம்பி, அத்தான்ர கதையைக் கேளாதை. அவர் சாகுமட்டும் அடுத்த வருசம் எண்டுதான் சொல்லுவார். நாளைக்கே போய் ஒண்டை வாங்கு."

அந்தப் பக்கம் ஒரு சத்தம். அவன் சிரிக்கிறான் என்று விளங்க அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"அக்கா, என்னட்ட ஸ்கூட்டர் இருக்கு. முதல் மாரியே வாங்கிட்டன். பழசுதான், நல்லா ஓடுது."

"அட கோதாரி! அப்ப ஏன்ரா அந்த மனிசனைப் பேய்க்காட்டுறாய்?"

"சொன்னா அத்தான் பிறகு என்னத்தைக் கதைப்பார்? சுகமோ எண்டு கேட்டுப்போட்டு உங்களிட்டத் தருவார்."

"தந்தால் என்ன? நான் உன்ரை அக்கா இல்லையே?"

முத்து மெதுவாகச் சொன்னான். "நீங்கள் அம்மாவைச் சொல்லி அழுவீங்கள் அக்கா. உங்களைத் தேத்த அத்தான் இருக்கிறார். போனை வைச்சாப்பிறகு என்னை ஆர் தேத்திறது? அத்தானோட கதைச்சால், வைச்சாப்பிறகும் சிரிச்சுக்கொண்டு திரிவன். அவரிட்டச் சொல்லிப்போடாதையுங்கோ."

அவளுக்கு அது நெஞ்சில் குத்தியது. தான் அவனோடு சேர்ந்து அழுததாகத்தான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தாள்.

மாசிமாதப் புத்தகம் வந்தபோது வீட்டில் அவள்தான் நின்றாள். உறையைக் கிழித்தாள். அட்டையில் இரண்டு கோட்டுக்காரர் கைகுலுக்கிக்கொண்டு பல்லைக் காட்டுகிறார்கள், ஒருவன் யப்பான் முகம். பின்னால் மினுமினுவென்று ஒரு புது வண்டி. எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தாள். சேசுவே! கலியாணம் முற்றாகிவிட்டது. கஸ்பர் சொன்ன அதே பகுதி.

இனி என்ன? மனிசன் தலைகால் தெரியாமல் துள்ளுவார். இதைத்தான் காத்திருந்தோம், வாங்கு என்பார். வாங்கினால் கதை முடிந்தது. வாங்கிட்டன் என்று உண்மையைச் சொன்னாலும் முடிந்தது. பிறகு சுகமோ, வேலை எப்படி, சரி வைக்கிறன். அந்த இருட்டுக்குள் அவன் ஒருத்தன். இவ்வளவு நாளும் நாசமாய்ப் போக என்று திட்டின புத்தகத்தை அவளே கொண்டுபோய் அரிசி வாளியின் அடியில் தாட்டாள்.

"இந்த மாதப் புத்தகம் வரேல்லையோ?" என்று கஸ்பர் கேட்டார்.

"தபால்காரனைக் கேளுங்கோ," என்று சொல்லிவிட்டு, பொய்க்கு மன்னிப்புக் கேட்டு ஒரு சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஞாயிறு பூசையால் வந்து அவள் சேலை மாற்ற மேலே போனாள். அவளுக்கு உதவி செய்கிறேன் என்று கஸ்பர் அரிசி அளக்கப் போனார். வருசத்தில் ஒருநாள் அடுப்படிக்குப் போகிற மனிசன், அன்றைக்குப் பார்த்துப் போனார்!

"அஞ்சலி! அரிசிக்குள்ள யப்பான்காரன் என்ன செய்யிறான்?"

அவள் இறங்கி வந்து பார்த்தாள். கையில் புத்தகம், முழங்கை வரைக்கும் அரிசித் தூள். சத்தியம் எல்லாம் பறந்துவிட்டது. "அவனிட்ட ஸ்கூட்டர் இருக்கு. முதல் மாரியே வாங்கிட்டான். இனி ஒண்டும் சொல்லாதையுங்கோ, உங்களைக் கும்பிட்டன்," என்று படபடவென்று கொட்டி அழத் தொடங்கினாள்.

கஸ்பர் புத்தகத்தில் ஒட்டியிருந்த அரிசியை வாளிக்குள் தட்டினார். "தெரியும்."

"என்ன தெரியும்?"

"பிளக் நனைஞ்சால் என்ன செய்யிறது, பெல்ட் அறுந்தால் எப்பிடி மாத்திறது எண்டு கேக்கிறான். வாங்கப்போறவன் கேக்கிற கேள்வியே அது? நான் எத்தினை எஞ்சினுக்கு மறுமொழி சொன்னவன்."

"தெரிஞ்சுகொண்டோ இவ்வளவு நாளும் அடுத்த வருசம், அடுத்த வருசம் எண்டு..."

"ஸ்கூட்டருக்கே சொன்னனான்?" கஸ்பர் புத்தகத்தை மேசையில் வைத்தார். "அந்த இருட்டுக்குள்ள தனிய இருக்கிற பெடியன். அவனோட ஆராவது அடுத்த வருசத்தைப் பற்றிக் கதைக்க வேணும் அஞ்சலி. எனக்கு வேற என்ன கதைக்கத் தெரியும்?"

இந்த மனிசனை மூன்று மாரியாகத் திட்டித் தீர்த்தோமே என்று நினைக்க, அவளுக்கு அவர் மேல் அப்படி ஒரு பாசம் பொங்கியது. முழங்கைத் தூளைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

கஸ்பர் படியில் குந்திப் போனை எடுத்தார். அஞ்சலீனா உலையைக் கவனிக்காமல் அவருக்குப் பக்கத்தில் வந்து றிசீவருக்குக் காது கொடுத்தபடி நின்றாள்.

"முத்து, முற்றாச்சு! நான் சொன்ன பகுதிதான். படத்தோட வந்திருக்கு."

அந்தப் பக்கத்திலிருந்து, "அப்ப இனி வாங்கவேண்டியதுதான் எண்டுறீங்களோ, அத்தான்?" குரல் இறங்கிவிட்டது.

"உனக்கு விசரே? இப்பத்தானே கட்டியிருக்கினம். முதல் பிள்ளை எப்பிடிப் பிறக்குதெண்டு பாக்காமல் ஆராவது கை நீட்டுவானோ? அதோட இன்னொரு கதையும் அடிபடுது. பின்னுக்குச் சாய்ஞ்சு இருக்கிற பெரிய சீற்றோட ஒண்டு விடப்போறாங்களாம். அடுத்த வருசம்."

முத்து வாய்விட்டுச் சிரித்தான். "சாய்ஞ்சு இருக்கிற சீற்றோ? அதில நான் ஆரை அத்தான் ஏத்துறது?"

கஸ்பர் ஏதோ பகிடி சொல்ல வாயெடுத்தார். அதற்குள் முத்துவே மறுபடி கேட்டான்.

"அத்தான்... அம்மா இருந்திருந்தால் ஏறியிருப்பாவோ?"

கஸ்பர் திகைத்துப்போய் அஞ்சலீனாவை நிமிர்ந்து பார்த்தார். யப்பானும் பின்லாந்தும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. இதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவள் றிசீவரை வாங்கிக்கொண்டாள். இந்த முறை அவள் அழவில்லை.

"பின்னுக்கோ? அம்மாவோ? உன்னை இறக்கிவிட்டுட்டுத் தானே ஓட்டியிருப்பா! போற வழியில உன்ரை தொழிற்சாலைக்குள்ளயும் புகுந்து, மீன் வெட்டத் தெரியாத வெள்ளையளுக்கு நாலு கிழி கிழிச்சிருப்பா!"

முத்து சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் எந்த இடத்தில் அழத் தொடங்கினான் என்று அவளுக்குத் தெரியவில்லை. சின்ன வயதில் அழுவதுபோலவே விக்கி விக்கி அழுதான்.

"அக்கா, வைச்சுப்போடாதையுங்கோ."

கஸ்பர் ஒதுங்கி இடம் கொடுத்தார். அஞ்சலீனா அவருக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஆர் வைக்கப்போறா? நீ அழு ராசா. முடியுமட்டும் நான் இருக்கிறன்."