நடுநிலை வேலுசாமி

ஜனநாயகத்தின் நான்காவது தூணில் விரிசல் விழுந்துவிட்டதை இந்த நாட்டில் முதலில் கண்டுபிடித்தவர் வேலுசாமி. கண்டுபிடித்த இடம், ஆவடிக்கு அப்பால் வெள்ளானூரில் அவர் வீட்டு ஹால். நேரம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்தைய அரைத்தூக்கம்.

ஆவடி பேக்டரியில் தரப் பரிசோதனைப் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே போல்ட்டை நம்பாமல் பழகியவர், இங்கே செய்தியை நம்பவில்லை. எந்தச் சேனல் எந்தக் கட்சிக்காரருடையது, எவர் மச்சினன் எதில் பங்குதாரர் என்பதெல்லாம் அவருக்கு விரல்நுனியில். மழை என்று செய்தி சொன்னால் மொட்டை மாடிக்குப் போய்க் கையை நீட்டிப் பார்ப்பார். கை நனைந்தாலும், "பார்ப்போம்" என்பார்.

இந்தச் சந்தேகம்தான் அவருக்குப் பதவி வாங்கிக் கொடுத்தது. நகர் நலச் சங்கத்துக்கு எந்தக் கட்சியிலும் ஒட்டாத ஓர் ஆள் தேவைப்பட்டபோது, தெருவே அவரைக் கைகாட்டியது. ஆறு வருஷமாகத் தலைவர். வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் தேர்தல். எதிர்த்து நிற்பவன் டைல்ஸ் கடை ஜெகன்.

அந்த வாரம் பார்த்துத்தான் வினை வந்தது. மூன்றாவது தெருவில் மழைத்தண்ணீர் தேங்க, டிவிக்காரர்கள் வந்தார்கள். தலைவர் என்ற முறையில் வேலுசாமி இஸ்திரி போட்ட சட்டையோடு முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று பேசினார். சாயங்காலம் ஆளுங்கட்சிக்கு வேண்டிய சேனலில் அவர் முகம் வந்தது: "வடிகால் வேலை நல்லாத்தான் நடக்குது. போன வருஷம் இடுப்பளவு, இப்ப முழங்கால்தான்." அதே சட்டையில், அதே தண்ணீரில், எதிர்க்கட்சிக்கு வேண்டிய சேனலிலும் வந்தது: "வடிகாலாவது ஒண்ணாவது. எங்களைச் சாகடிக்கிறாங்க."

தெரு இரண்டையும் பார்த்தது. பால் வாங்கப் போனால் பேச்சு நின்றது. இந்தக் கட்சிக்காரர்கள் அவரை அந்தக் கட்சி என்றார்கள்; அந்தக் கட்சிக்காரர்கள் இந்தக் கட்சி என்றார்கள். ஜெகன் மட்டும் விசால மனதோடு, ரெண்டும்தான் என்று சொல்லிவிட்டான். சங்கப் பொருளாளர் ஹாஜா மொய்தீன் இருபது வருஷப் பழக்கம். அவர்கூட முகத்தைப் பார்க்காமல், எடிட்டிங்கில் ஏதாவது செய்திருப்பார்கள், விடுங்கள் என்றார். அந்த 'விடுங்க'வில் என்னவோ இருப்பதாக வேலுசாமிக்குப் பட்டது.

முதலில் அவர் நிருபரைச் சந்தேகப்பட்டார். பிறகு கேமராக்காரரை. பிறகு, அன்றைக்கென்று பார்த்து ஒரு நிமிஷம் படத்தை உறைய விட்ட கேபிள்காரரை. டிவிக்காரர்கள் ஜெகன் கடை வாசலில் டீ குடித்ததாகக் காதில் விழுந்ததும் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. தான் சொன்ன நல்லதை ஒருவன் வெட்டி எடுத்துக்கொண்டான், கெட்டதை இன்னொருவன். முழுதாகப் பார்த்தால் அது நடுநிலையான கருத்து. அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

நல்லவேளையாக, திண்டுக்கல்லில் இருக்கும் அக்காவுக்கு அனுப்புவதற்காக அவர் மனைவி புஷ்பா, எதிர்வீட்டு மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் செல்போனில் எடுத்திருந்தாள். ஓட்டுக்கு முன் அதைச் சங்கத்தில் போட்டுக் காட்டிவிடுவது என்று வேலுசாமி முடிவு செய்தார்.

"அதைப் போட வேணாங்க" என்றாள்.

"ஏன்?"

"வேணாம்னா விடுங்களேன்."

வேலுசாமி அவளை ஒரு போல்ட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "யாரு வந்து பேசினா உங்கிட்ட? ஜெகன் சம்சாரமா?"

புஷ்பா போனை அவர் கையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவர் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. பேசிய ஆளுக்கு எதற்கு?

ஞாயிறு சாயங்காலம் ஓட்டுப் போடும் முன் சங்க அறையில் நாற்பது பேர் கூடினார்கள். சிசிடிவிக்காக வாங்கிய டிவியில் ஹாஜா மொய்தீன் போனை இணைத்தார். வேலுசாமி எழுந்து, விலைபோன ஊடகங்கள் பற்றிக் கால்மணி நேரம் பேசினார்.

"போதும் அண்ணாத்தே, படத்த உடு" என்றான் ஜெகன். "நாங்க இன்னா வேலவெட்டி இல்லாமயா குந்திகினு கீறோம்?"

வீடியோ ஓடியது. முதல் மைக் நீண்டது. வேலுசாமியின் கண் மைக்கில் இருந்த சேனல் சின்னத்துக்குப் போய் ஒரு நொடி நின்றது. பிறகு, வடிகால் வேலை நல்லாத்தான் நடக்குது என்றார். அந்த மைக் போய் அடுத்தது வந்தது. கண் மறுபடி சின்னத்துக்குப் போனது. சாகடிக்கிறாங்க என்றார். சேனல்காரர்கள் ஒரு வார்த்தையைக்கூட வெட்டியிருக்கவில்லை. நடுவில் அவர் தும்மியதை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்கள்.

ஹாஜா மொய்தீன் ரிமோட்டைத் தேடினார்.

"இருங்க பாய், இன்னும் கீது" என்றான் ஜெகன்.

மூன்றாவதாக ஒரு யூடியூப்காரர் மைக்கை நீட்டினார். அதில் சின்னம் எதுவும் இல்லை. தண்ணீர் எத்தனை நாளாக நிற்கிறது என்று கேட்டார்.

"தம்பி, நீங்க எந்தக் கட்சி?" என்று கேட்டிருந்தார் வேலுசாமி.