ஓரெழுத்து வசனம்

ஜனக்புரித் தமிழர் திரைக்கழகம் வருஷா வருஷம் பிப்ரவரியில் நடத்தும் விழாவுக்குச் சர்வதேசத் திரைப்பட விழா என்று பெயர். முதல் வருஷம் ஒரு நேபாளப் படத்தையும் ஒரு சிங்களப் படத்தையும் போட்டுவிட்டு அந்தப் பெயரைத் தைரியமாக வைத்துக்கொண்டார்கள். கேலி செய்தவர்கள் உண்டு. கழகம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இது ஒன்பதாவது வருஷம். ஏழு நாட்டுப் படங்கள், சமுதாயக் கூடத்தில் முந்நூறு நாற்காலிகள், இடைவேளையில் மெதுவடையும் ஃபில்டர் காப்பியும். வேறு வேலையாகத் தில்லிக்கு வந்த வெளிநாட்டு இயக்குநர்கள் இங்கேயும் ஒரு நடை எட்டிப் பார்ப்பதற்கு, படத்தைவிடக் காப்பிதான் காரணம் என்று ஒரு பேச்சு உண்டு.

விழாவின் தனிப் பெருமை தமிழ் சப்டைட்டில். அதை எழுதுகிறவள் சியாமளா. லோதி ரோட்டில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் இருபத்தாறு வருஷமாக மொழிபெயர்ப்பாளர். சுற்றறிக்கை, ஆண்டறிக்கை என்று எதைக் கொடுத்தாலும் புள்ளி பிசகாமல் தமிழாக்கிவிடுவாள். வம்பே அங்கேதான் வந்தது. போன வருஷம் ஒரு காதல் படத்தில் கதாநாயகன் மழையில் தொப்பலாக நனைந்து வந்து, ‘தங்கள்மீது நான் அன்பு கொண்டுள்ளேன் என்பதை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்’ என்றான். கூடம் விழுந்து விழுந்து சிரித்தது. கதாநாயகி செத்துப்போன பிறகும் சிரிப்பு அடங்கவில்லை.

சியாமளாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சிரித்தவர்கள் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. இத்தனை வருஷம் எழுதி எழுதி, மனுஷர் பேசுகிற தமிழ் தன் கையை விட்டுப் போய்விட்டதே என்றுதான் வலித்தது.

கழகத்தின் செயலாளர் வாசுதேவன், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், நல்ல மனிதர்தான். ஜனவரியில் வீட்டுக்கே வந்து விஷயத்தை உடைத்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க மேடம். நம்ம பசங்க ஒருத்தனுக்கும் தமிழ் படிக்க வராது. படிக்க வர்றவங்களோ சிரிக்கறாங்க. இனிமே இங்கிலீஷ் மட்டும் போதும்னு கமிட்டி நினைக்குது.”

“ரெண்டையும் போடலாமே சார்?”

“அரைத் திரை எழுத்தாயிடும். படத்தை எங்கே பாக்கறது?”

சியாமளா விடவில்லை. “இந்த வருஷம் ஒரே ஒரு படம் குடுங்க. அதுலயும் தப்பான இடத்துல சிரிச்சாங்கன்னா நானே விலகிக்கறேன்” என்றாள்.

“அச்சா. ஒரு படம். டீக் ஹை” என்று எழுந்துகொண்டார் வாசுதேவன். ஆனாலும் விழா முடிவில் படிப்பதற்கு, இனி ஆங்கிலம் மட்டுமே என்ற அறிவிப்பை எழுதித் தயாராக வைத்துக்கொண்டார். வங்கிக்காரர் அல்லவா, முன்யோசனைக்குக் குறைவில்லை.

வந்த படம் ஜார்ஜியா நாட்டுப் படம். நீனோ என்ற பெண் எடுத்தது. மலை மேல் காலியாகிக்கொண்டிருக்கும் ஓர் ஊர். அங்கே ஓர் அம்மா, ஒரு மகன், ஒரு மாமன். மகனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. மூன்று முறை பெட்டியோடு கிளம்புகிறான், மூன்று முறையும் பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பி வந்துவிடுகிறான். அம்மாவை விட்டுப் போக மனம் வரவில்லை.

ஆங்கில வசனத்தைப் பார்த்துச் சியாமளா முதல் நாள் எழுதிய முதல் வரி: ‘மகனே, உணவு உட்கொண்டாயா?’ அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். நேரே எதிர் ஃபிளாட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். அம்சவேணி திருநெல்வேலிக்காரி, தில்லிக்கு வந்து இருபது வருஷமாகியும் பேச்சில் ஓர் எழுத்தைக்கூட விட்டுக்கொடுக்காதவள்.

“அம்சா, உன் பையன் கோவிச்சுக்கிட்டு ரெண்டு நாளாச் சாப்பிடலை. என்ன சொல்லுவே?”

“ஏலே, வயித்தக் காயப்போட்டு யாருகிட்டல கோவத்தக் காட்டுத? வந்து தின்னுட்டுச் சண்ட போடு, அப்படிம்பேன். எதுக்குக்கா கேக்கிய?”

சியாமளா கையோடு எழுதிக்கொண்டாள். அன்றிலிருந்து படத்தின் அம்மாவுக்குத் திருநெல்வேலித் தமிழ். மாமன் வசனங்களுக்கு, துவாரகாவில் இருக்கும் கோயம்புத்தூர்க்காரர் பெரியண்ணனைத் தினமும் போனில் பிடித்தாள். “அக்கா சொன்னாச் சொன்னதுதானுங்க கண்ணு” என்று அவர் சொன்னது அப்படியே மாமன் வாய்க்குப் போயிற்று. ஜார்ஜிய மலையில் அக்கா ஒரு ஜில்லா, தம்பி ஒரு ஜில்லா. இருந்தால் என்ன, இந்த ஊரில் ஒவ்வொரு மாடியும் ஒரு ஜில்லாதானே!

கடைசிக் காட்சியில்தான் முட்டிக்கொண்டது. நான்காம் முறை மகன் கிளம்புகிறான். முந்தைய மூன்று முறையும் ‘போய்விட்டு வா’ என்ற அம்மா, இந்த முறை ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். போ. ‘வா’ என்றால் வந்துவிடுவான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“ஊருக்குப் போற பிள்ளையப் பாத்து வெறும் ‘போ’ன்னு சொல்லுவியா அம்சா?”

அம்சவேணி பதறிப்போனாள். “எந்தத் தாயிக்கா சொல்லுவா? நாக்கு எழும்புமா?”

முன்னோட்டம் பார்த்த வாசுதேவனுக்கும் அந்த இடம்தான் உறுத்தியது. “போயிட்டு வான்னு மாத்திடுங்க மேடம். கேக்கவே நல்லால்லை. இதுக்குத்தான் சிரிக்கப் போறாங்க.”

“அவ அதைச் சொல்லலை சார். அதைச் சொல்லாம இருக்கறதுதான் படமே” என்றாள் சியாமளா. குரல் நடுங்கியது, சொல் நடுங்கவில்லை. ‘போ’ அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. முதல் வரிசையில் நீனோ, கையில் இரண்டாவது காப்பியோடு. பின்னால் மடிக்கணினியை இயக்குகிற இந்துஜா, பக்கத்தில் சியாமளா. இந்துஜா தில்லியிலேயே பிறந்து குருகிராமில் ஐ.டி. வேலை பார்ப்பவள்; தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாது, வரிகளின் எண்ணை வைத்தே எல்லாவற்றையும் சரியாகப் பொருத்தியிருந்தாள்.

படம் தொடங்கி நான்காவது நிமிஷம் அந்த வரி வந்தது. ‘ஏலே, வயித்தக் காயப்போட்டு…’

கூடம் குபீரென்று சிரித்தது. வாசுதேவன் திரும்பிப் பார்த்தார். சியாமளா, முடிந்தது கதை என்று நினைத்தாள். அதற்குள் மூன்றாவது வரிசையில் அம்சவேணி எழுந்தே நின்றுவிட்டாள்.

“ஏ, இது நான் சொன்னதுல்லா!”

உட்கார் உட்கார் என்றார்கள். உட்கார்ந்தவள் வாயை மூடவில்லை. பக்கத்திலிருந்த மகளுக்குத் தமிழ் படிக்க வராது. ஒவ்வொரு வரியையும் அவளுக்கு உரக்கப் படித்துச் சொல்ல ஆரம்பித்தாள், அதுவும் அந்த அம்மாவின் கோபத்தோடு. மாமன் வாய் திறந்ததும் பெரியண்ணன் தன் பங்குக்குத் தொடங்கினார். பிறகு யார் யாரை அடக்குவது? படிக்கத் தெரிந்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்காக, மருமகள்களுக்காக, பக்கத்து நாற்காலிக்காரருக்காகப் படித்தார்கள். கால் மணி நேரத்தில் கூடமே சேர்ந்து வசனம் பேசிக்கொண்டிருந்தது. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தது. மகன் முதல் முறை திரும்பி வந்தபோது, “வந்துட்டான் பாரு, உதவாக்கரை” என்று எழுதாத வசனம்கூட ஒன்று கேட்டது. சியாமளா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். இது கேலிச் சிரிப்பு இல்லை, அந்த அம்மாவோடு சேர்ந்து சிரிக்கிற சிரிப்பு என்று புரிந்ததும் அவளுக்கு ஒரே ஆனந்தம். இந்துஜாவின் காதில் அவளும் படிக்கத் தொடங்கினாள்.

கடைசிக் காட்சி வந்தது. வாசல் படல், பெட்டி, மகன். அம்மா அவனைப் பார்த்து, அவர்கள் பாஷையில், “த்ஸாதி” என்றாள்.

திரையில் ‘போ’ என்று எழுத்து வந்து நின்றது.

ஒருவரும் படிக்கவில்லை. ஒன்றரை மணி நேரமாக ஓயாத முந்நூறு வாயும் அப்படியே நின்றுவிட்டது. ஒரே ஓர் எழுத்து, அதைச் சொல்ல யாருக்கும் நாக்கு எழும்பவில்லை. எங்கோ ஒரு சின்னப் பெண் மட்டும், “மம்மா, என்ன சொன்னாங்க? ஷாதியா? கல்யாணமா?” என்று கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

திரையில் மகன் பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தான். அம்மா திரும்பவில்லை. அப்போது அம்சவேணியின் குரல் உடைந்து வந்தது.

“போயிட்டு வாலே.”

இன்னொரு குரல், “போயிட்டு வாப்பா” என்றது. “போயிட்டு வா கண்ணு” என்றார் பெரியண்ணன். அப்புறம் கூடம் முழுவதும், அவரவர் ஊர்ப் பேச்சில், அந்த அம்மா சொல்லாமல் விழுங்கியதை எடுத்துச் சொல்லி அவனை வழியனுப்பியது. தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகளும் அதைச் சொன்னார்கள். அதற்கு எழுத்து எதற்கு? இந்துஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். சியாமளா விக்கி விக்கி அழுதாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் அழுததே இல்லை.

விளக்கு எரிந்ததும் நீனோ மேடையேறி மைக்கைப் பிடித்தாள். கடைசியில் என் படத்தின் அம்மா பேசுவது ஒரே சொல், நீங்கள் ஏன் அவ்வளவு பேசினீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எல்லாரும் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். சியாமளா எழுந்து, எங்கள் வீடுகளில் கிளம்புகிறவரிடம் யாரும் அந்தச் சொல்லைத் தனியாகச் சொல்ல மாட்டோம், திரும்பி வரச் சொல்லித்தான் அனுப்புவோம், நான் ‘போ’ என்றுதான் எழுதினேன், இவர்கள்தான் சம்மதிக்கவில்லை என்றாள்.

நீனோ கூடத்தின் பக்கம் திரும்பினாள். “பதினோரு நாட்டில் இந்தப் படத்துக்குக் கை தட்டியிருக்கிறார்கள். படத்தோடு சண்டை போட்டவர்கள் நீங்கள் மட்டும்தான்” என்று சொல்லி, கையெடுத்துக் கும்பிட்டாள்.

கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. வாசுதேவன் மேடைக்கு வந்து சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார், பிரிக்காமலே கிழித்துப் போட்டார். “நான் இங்கிலீஷ் போதும்னேன். நான் சொன்னது தப்பு” என்றார் எல்லார் முன்னிலையிலும். “சியாமளா மேடம், அடுத்த வருஷம் ஏழு படத்துக்கும் தமிழ் வேணும். முடியுமா?”

முந்நூறு பேரும் அவளைப் பார்த்தார்கள். மேடையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டு இந்துஜா ஓடி வந்தாள். சியாமளாவுக்கு அது தேவைப்படவில்லை.

“அடுத்த வருஷம் பத்தாவது வருஷம் சார்” என்று கூடம் அதிரக் கத்தினாள். “பத்துப் படமாக் கொண்டு வாங்க!”