அடித்து மறுக்கும் பாடம்

கால் சென்டரில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் மறுத்துப் பேசக் கற்றுக்கொடுப்பதுதான் அவள் வேலை. வெறும் 'நோ' செல்லாதாம். 'நாட் அட் ஆல்', 'நாட் எ சான்ஸ்', 'அவுட் ஆஃப் த கொஸ்டின்' என்று மறுப்பிலேயே அத்தனை தினுசு வைத்திருந்தாள். எந்த இடத்தில் குரல் இறங்க வேண்டும் என்பதுகூட அத்துப்படி.

புருஷன் நேர் எதிர். சலவை ஆலையில் கொதிகலன் பார்க்கிறவன். வாயைத் திறந்தால் பாதி வார்த்தைதான் வரும். ஆலையில் அவனுக்கு 'அரைவார்த்தை' என்றே பெயர். அப்பேர்ப்பட்ட மனுஷன் தலையிலா அந்தப் பழி விழ வேண்டும்? அவன் ஷிப்ட் முடிந்து கிளம்பிய கொஞ்ச நேரத்தில் நீராவி பீறிட்டு, இஸ்திரி போடும் பெண்ணுக்கு முழங்கை வரை வெந்துபோனது. வால்வை மூடாமல் போனது இவன்தான் என்று சூப்பர்வைசர் கையைக் காட்டிவிட்டான்.

"மூடிட்டுத்தான் வந்தேன்" என்றான் அவளிடம். அவளுக்கு அது போதும். வேலை கொடுத்தவர்களுக்குப் போதுமா?

விசாரிக்க வரும் அதிகாரிகளுக்குத் தமிழ் தெரியாது, விசாரணை ஆங்கிலத்தில். மொழிபெயர்க்க ஆள் தருகிறோம் என்று ஆலையில் சொல்லத்தான் சொன்னார்கள். அவள்தான் வேண்டாம் என்றாள்.

"நடுவுல ஒருத்தன் உக்காந்து நீங்க சொல்றத மென்னு துப்புவான். நான் எதுக்கு இருக்கேன்? அவங்க என்ன கேட்டாலும் சட்டுனு அடிச்சு மறுக்கணும். யோசிச்சீங்க, போச்சு. பொய்னு முடிவு கட்டிடுவாங்க."

சமையலறைதான் விசாரணை அறை. கையில் கரண்டியோடு அவள் அதிகாரி. அசட்டையாக இருந்தாயா என்று ஆங்கிலத்தில் கேட்பாள். "நாட் அட் ஆல்." போனில் பேசிக்கொண்டிருந்தாயா? "நெவர்." குடித்திருந்தாயா? "ஆப்சொல்யூட்லி நாட்." முதலில் நாக்கு புரண்டது, இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். போகப் போக அந்த 'நாட்'டில் குரல் கல்லாக இறங்கியது.

"பரவாயில்லையே, எங்க ஆபீஸ்லயே உங்கள சேத்துக்கலாம்."

விசாரணை அன்றைக்கு அவள் ஆலையில் அறைக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. "நாட் அட் ஆல்." "நெவர்." ஒவ்வொன்றும் அச்சு அசலாக வந்து விழுந்தது. அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. அதுவரை மிரட்டிக் கேட்ட அதிகாரி நிறுத்த, ஒரு பெண் அதிகாரி தன்மையாகக் கேட்டாள்: கிளம்புவதற்கு முன் வால்வை மூடினீர்களா?

"ஆப்சொல்யூட்லி நாட்."

உள்ளே தட்டச்சு செய்யும் சத்தம். "நோ... நோ... நெவர்..." என்று அவன் தடுமாறுவது கேட்டது. பாவி மனுஷனிடம் மறுப்பைத் தவிர வேறென்ன இருந்தது? ஒரு 'யெஸ்' சொல்லிக்கொடுக்க அவளுக்குத் தோன்றவே இல்லையே. கதவைத் தள்ளிக்கொண்டு, அவர் மூடினார், சத்தியமாக மூடினார் என்று ஆங்கிலத்தில் கெஞ்சினாள். வெளியே இருக்கச் சொன்னார்கள். மூடவில்லை என்று அவனே ஒப்புக்கொண்டதாகவும், மொழிபெயர்ப்பாளர் வேண்டாமென்று முன்பே சொல்லிவிட்டதாகவும் பதிவாயிற்று. மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள்.

திரும்பி வரும்போது இஸ்திரிப் பெண்ணின் அண்ணன் ஆலை வாசலில் நின்றிருந்தான். செய்தி அதற்குள் போய்விட்டது போலும். இவனைப் பார்த்துக் காறித் துப்பினான். அரைவார்த்தை தலையைக் குனிந்துகொண்டு நடந்தான்.

பஸ்ஸில்தான் அவளுக்கு வாய் வந்தது. "கேள்வி புரியலையா உங்களுக்கு?"

"புரிஞ்சுது. வாய் முந்திக்கிச்சு."

அவள் டிக்கெட்டை மடித்துக்கொண்டே கேட்டாள், "என் மேல கோவமா?"

அவன் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. யோசிக்கவும் இல்லை.

"ஆப்சொல்யூட்லி நாட்."

குரல் சரியான இடத்தில் இறங்கியது. வேறு யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள்.