அத்தை ஓட்டப் பழகிய கார்

மாமனார் இறந்து மூன்று மாதம் ஆகியும் அவருடைய நீல நிறக் கார் வாசலில் நின்ற இடத்திலேயே நின்றது. மாமியாருக்கு ஓட்டத் தெரியாது. மகனோ காரில் ஏறினாலே தலைசுற்றுகிறவன். மிச்சம் இருந்தது மருமகள். அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு சந்து பொந்தெல்லாம் திரும்புகிறவளுக்கு இந்தக் கார் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் மாமியார் அவளிடம் சாவியைக் கொடுக்கமாட்டாள்.

காரணம் ஆறு வருஷம் பழையது. கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று மகன் வந்து நின்றபோது, "பஸ் ஓட்டுறவளையா?" என்று கேட்டவள் மாமியார். கல்யாணத்தன்று தலைவலி என்று போர்த்திப் படுத்துக்கொண்டாள். மாமனார் மட்டும் போனார். போனவர் மருமகளுக்குப் 'பைலட்' என்று பெயரும் வைத்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து இரண்டு பெண்களுக்கும் இடையில் தபால்காரர் அவர்தான். "உங்க மருமக சாப்பிட்டாச்சான்னு கேளுங்க" என்று அவர் போனில் பேசும்போது இந்தப் பக்கம் சொன்னால், "ஆச்சுன்னு சொல்லுங்க மாமா" என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும். அவர் போனதும் அந்தத் தபாலும் நின்றது. அம்மாவைத் தனியாக விடக்கூடாது என்று, அதுவரை தனிக்குடித்தனம் இருந்த மகன் மனைவியோடு இங்கேயே குடிவந்தான். ஒரே கூரைக்கடியில் இருவரும் தண்ணீர்க் குழாயின் சத்தத்தை வைத்தே ஒருவர் இருப்பதை ஒருவர் தெரிந்துகொண்டார்கள்.

ஒரு நாள் காலை ஷிப்டு முடிந்து மருமகள் வீடு திரும்பியபோது, காருக்குள் மாமியார் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கால் பெடலுக்கு எட்டவில்லை. மருமகளைக் கண்டதும் கையைச் சட்டென்று மடிக்கு இறக்கிக்கொண்டாள்.

"சும்மாதான் உட்கார்ந்தேன். கிளப்பிப் பார்த்தேன், ஒரு சத்தமும் வரல."

"இத்தனை நாள் நின்னா பேட்டரி செத்திருக்கும், அத்தை." சொன்ன பிறகுதான் மருமகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மாமியார் அவளையே பார்த்தாள். "அதுவுமா?" என்றாள். அப்புறம் சிரித்தாள். மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு. மருமகளுக்கும் அடக்க முடியவில்லை. சிரித்து முடித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "எனக்குச் சொல்லித்தருவியா? அவன்கிட்ட மட்டும் சொல்லாத, தடுத்துடுவான்" என்றாள் மாமியார்.

பேட்டரி மாற்றினார்கள். பழகுகிறவர்களுக்கான லைசென்ஸும் வாங்கினார்கள். மருமகளுக்கு விடுமுறையான நாளில், மகன் வேலைக்குப் போனதும், ஒரு கிடங்கின் பின்னால் இருந்த காலி மைதானத்துக்குப் போனார்கள். மாமனார் ஆறடி மனிதர்; சீட்டு கடைசி வரை பின்னால் தள்ளியிருந்தது.

"சீட்டை முன்னால இழுத்துக்கலாம், அத்தை."

"வேண்டாம். அவர் வச்சது அப்படியே இருக்கட்டும்."

மருமகள் காரை வீட்டுக்குத் திருப்பினாள். வீட்டிலிருந்து தலையணைகளைக் கொண்டுவந்து முதுகுக்குக் கொடுத்தாள். ஒன்று போதவில்லை, மூன்று வைத்தாள். கார் விக்கல் எடுத்தபடி கிளம்பியது. "போடா ராஜா, மெதுவாப் போ" என்று மாமியார் காரிடம் கெஞ்சினாள். நிறுத்தும்போதெல்லாம் மருமகள் பழக்கதோஷத்தில் இடப்பக்கக் கண்ணாடியைப் பார்ப்பாள்.

"யாரைத் தேடுற?"

"இறங்குறவங்களை, அத்தை."

"இருக்கிறதே ரெண்டு பேரு. நான் இறங்கமாட்டேன்."

மூன்றாவது வாரம் ஒரு நாய் குறுக்கே வந்தது. மாமியார் பிரேக்கை மிதிக்கப் போனபோது தலையணை நழுவியது, கால் எட்டவில்லை. நாய் தப்பியது. கார் நேராகப் போய் காலி அட்டைப்பெட்டிக் குவியலுக்குள் நுழைந்து நின்றது. கண்ணாடி முழுக்க அட்டை. யாருக்கும் அடியில்லை. உள்ளே இருட்டாக இருந்தது. மாமியார் அழுதாள்.

"நாப்பது வருஷம் பக்கத்துச் சீட்டுல உட்கார்ந்து வழியெல்லாம் பேசிட்டு வந்தேன். இதை நகர்த்திட்டா அவருக்கு உட்கார இடம் இல்லாமப் போயிடும்னு ஒரு நினைப்பு. பைத்தியக்காரத்தனம்தான்."

"என்னைப் பைலட்னு கூப்பிடவும் இப்ப யாரும் இல்ல, அத்தை" என்றாள் மருமகள்.

மாமியார் திரும்பிப் பார்த்தாள். இவளும் ஒருவரை இழந்திருக்கிறாள் என்பது இத்தனை நாள் அவளுக்குத் தோன்றவே இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சீட்டை எப்படி நகர்த்தணும்?" என்றாள்.

"அடியில ஒரு கம்பி இருக்கும். தூக்கிப் பிடிச்சு இழுங்க."

அவளே இழுத்தாள். சீட்டு மூன்று தடவை 'டக்' என்று சொல்லி முன்னால் வந்தது. கால் பிரேக்கில் பதிந்தது.

"அன்னைக்கு எனக்குத் தலைவலி இல்ல" என்றாள் மாமியார்.

"தெரியும், அத்தை. மாமா மண்டபத்துலயே சொல்லிட்டார்."

"சொல்லிட்டாரா? அந்த மனுஷன் வாயில எதுவுமே தங்காது." பிரேக்கை ஒரு தடவை மிதித்துப் பார்த்துவிட்டு, "நான் வந்திருக்கணும்" என்றாள்.

"ஆமா" என்றாள் மருமகள். மழுப்பாமல் சொன்னதே மாமியாருக்குப் பிடித்தது. இருவரும் இறங்கி அட்டைகளை அடுக்கிவைத்தார்கள்.

முதல் தேர்வில் மாமியார் தேறவில்லை. இடது பக்கம் திரும்பச் சொன்ன அதிகாரியிடம், வலது பக்கம்தான் சுருக்கு வழி என்று வாதாடியிருக்கிறாள். இரண்டாம் தடவை வாயைத் திறக்காமல் ஓட்டித் தேறினாள். விஷயம் தெரிந்த மகன் லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இரண்டு பெண்களும் சேர்ந்து ஒரு ரகசியத்தைக் காப்பாற்றியதை நம்பத்தான் அவனுக்கு அதிக நேரம் பிடித்தது.

மறுநாள் மருமகளை வேலைக்குக் கொண்டுபோய் விட்டவள் மாமியார்தான். பேருந்து நிலைய வாசலில் இறங்கிய மருமகள், "நேரா வீட்டுக்குத்தானே, அத்தை?" என்று கேட்டாள்.

"இல்ல, அக்கா வீட்டுக்கு. அவர் போனதுலேர்ந்து கூட்டிட்டுப் போக ஆளில்லாம அவளைப் பார்க்கவே இல்ல."

"ஊருக்கு அந்தக் கோடி. பாலத்துல கூட்டமா இருக்கும்."

"இருக்கட்டும். சாயங்காலம் நாலு மணிக்கு வாசல்லயே நில்லு, வந்து கூட்டிட்டுப் போறேன்."

இரண்டு பேருந்துகளுக்கு வழிவிட்டுக் காத்திருந்து, மாமியார் காரைச் சாலையில் இறக்கினாள்.